20 மைக்ரான் தடிமனில் சிலிக்கான் படலம்: பிரஷர் சென்சார் சிப்பை நாமே செய்ய முடியுமா?

இன்ஸ்ட்ருமென்டேஷன் இறுதியாண்டு மாணவர் ஒருவரின் கேள்வி இது: “1 பார் வரை அளக்கும் பிரஷர் சென்சார் சிப் ஒன்றை நாங்களே செய்யப் போகிறோம். சிலிக்கான் வேஃபரை, அதாவது சிப் செய்யும் வட்டத் தகட்டை, பின்பக்கத்திலிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அரித்தால் மெல்லிய படலம் கிடைத்துவிடும் என்கிறார்கள். எவ்வளவு நேரம் அரிக்க வேண்டும்? ரெசிஸ்டர்களை எங்கே வைப்பது?” கேட்டது நேரத்தைத்தான். ஆனால் இதற்குள் ஒளிந்திருக்கும் கேள்வி வேறு: அரைமில்லிமீட்டர் கனமுள்ள வேஃபரைக் கரைத்துக்கொண்டே போய், கடைசி 20 மைக்ரானில் எப்படி நிற்பது? கடிகாரத்தை மட்டும் நம்பினால் நிற்க முடியாது. ஏன் என்பதையும், வேறு எப்படி நிற்கலாம் என்பதையும் முதலில் சொல்லிவிட்டு ரெசிஸ்டருக்கு வருகிறேன்.

இந்த வகை சென்சாரின் அடிப்படை 1954இல் பெல் ஆய்வகத்தில் சார்ல்ஸ் ஸ்மித் அளந்து காட்டிய பீசோரெசிஸ்டிவ் விளைவு. சிலிக்கானை இழுத்தாலோ அமுக்கினாலோ அதன் மின்தடை மாறும். உலோக ஸ்ட்ரெயின் கேஜில் கிடைப்பதைவிடப் பல பத்து மடங்கு அதிகமாக மாறும். மெல்லிய படலத்தின் விளிம்பில் நான்கு ரெசிஸ்டர்களைப் பதித்து வீட்ஸ்டன் பிரிட்ஜாக இணைத்தால், படலம் வளையும்போது மின்னழுத்தம் வெளியே வருகிறது. 1973இல் ஸ்டான்ஃபோர்டில் சமாவுன், வைஸ், ஏஞ்சல் மூவரும் மருத்துவப் பயன்பாட்டுக்காக இதை ஐசி தயாரிக்கும் முறையிலேயே செய்து காட்டினார்கள். அடிப்படை வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை.

முதலில் கணக்கு. நான்கு பக்கமும் இறுகப் பிடிக்கப்பட்ட சதுரப் படலத்தில், விளிம்பின் நடுவில் வரும் அதிகபட்சத் தகைவு (ஸ்ட்ரெஸ்) = 0.308 × அழுத்தம் × (பக்கம் ÷ தடிமன்)². பக்கம் 1000 மைக்ரான், தடிமன் 20 மைக்ரான், அழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்று வைத்தால் 77 மெகாபாஸ்கல் வரும். நடுப்பகுதி சுமார் 1 மைக்ரான் கீழிறங்கும். தடிமனில் இது இருபதில் ஒரு பங்குதான் என்பதால் நேர்கோட்டுத்தன்மை கெடாது. 77 மெகாபாஸ்கலை சிலிக்கான் சுலபமாகத் தாங்கும், விளிம்பில் கீறல் இல்லாவிட்டால். இந்தக் கணக்கில் நீங்கள் பார்க்க வேண்டியது அந்த இருமடி. தடிமன் 20க்குப் பதில் 18 ஆகிவிட்டால் உணர்திறன் 23 சதவீதம் கூடிவிடும். ஒரே வேஃபரில் ஒரு ஓரம் 18, மறு ஓரம் 22 என்றிருந்தால், இரண்டு ஓரத்துச் சிப்களும் ஒரே சென்சார் என்று சொல்ல முடியாத அளவுக்கு விலகி நிற்கும்.

இனி அரிப்பு. 100 மில்லிமீட்டர் விட்டம், 525 மைக்ரான் கனம், (100) தளம் (படிகத்தின் எந்த முகம் மேற்பரப்பு என்பதன் குறி), என் வகை, இரு பக்கமும் பாலிஷ் செய்த வேஃபர் என்று எடுத்துக்கொள்கிறேன். எடையில் 30 சதவீதக் கரைசல், 80 டிகிரி செல்சியஸ் என்ற நிலையில் (100) தளம் மணிக்கு ஏறக்குறைய 79 மைக்ரான் கரையும். கலக்கும் விதம், கரைசலின் பழமை ஆகியவற்றைப் பொறுத்து ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது நிமிடத்துக்கு 1 முதல் 1.4 மைக்ரான் வரை மாறும். ஆகவே இதைத் தொடக்கப்புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் பாத்திரத்தில் ஒரு டம்மி வேஃபரைப் போட்டு வேகத்தை அளந்துகொள்ளுங்கள். கரைசல் தயாரிக்கும்போது ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள்: கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகளில் 15 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் உண்டு. 300 கிராம் வில்லையை 700 கிராம் நீரில் கரைத்தால் உண்மையில் 25.5 சதவீதம்தான் வரும். 85 சதவீத வில்லை என்றால் 353 கிராமை 647 கிராம் நீரில் போட வேண்டும். நீரில் வில்லையைப் போடுங்கள், வில்லையின் மேல் நீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும்.

505 மைக்ரான் கரைய ஆறரை மணி நேரம் ஆகும். இங்கேதான் கடிகாரம் கைவிடுகிறது. 80 டிகிரிக்குப் பக்கத்தில் வெப்பநிலை 1 டிகிரி மாறினால் அரிப்பு வேகம் 5 முதல் 6 சதவீதம் மாறும். முழு ஆறரை மணி நேரமும் 1 டிகிரி கூடுதலாக இருந்தால் 28 மைக்ரான் அதிகமாகக் கரைந்திருக்கும். உங்கள் படலமோ 20 மைக்ரான். அதாவது படலமே இருக்காது, ஓட்டைதான் இருக்கும். இதோடு வேஃபரின் கனமே 525க்கு மேலும் கீழும் 20, 25 மைக்ரான் வரை மாறலாம். ஒரே வேஃபருக்குள்ளும் சில மைக்ரான் ஏற்றத்தாழ்வு உண்டு. மூடி திறந்திருந்தால் நீர் ஆவியாகிக் கரைசலின் செறிவும் நகரும், ஆகவே ஆவியைக் குளிர்வித்துத் திருப்பும் ரிஃப்ளக்ஸ் கண்டென்சர் கட்டாயம்.

நிற்பதற்கு நான்கு வழிகள் உண்டு. மலிவானது அளந்து அளந்து போவது. ஒவ்வொரு வேஃபரின் கனத்தையும் முன்பே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 400 மைக்ரான் அளவில் எடுத்துக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் மேற்பரப்பிலும் குழியின் தரையிலும் ஃபோகஸ் செய்து ஆழத்தைக் கண்டு, மீதிக்கு நேரம் கணக்கிடுங்கள்; கடைசி 40 மைக்ரானில் இன்னொரு முறை. இதோடு வி வடிவப் பள்ளத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். (100) வேஃபரில் ஒடுங்கிய திறப்பு வழியே அரித்தால், மெதுவாகக் கரையும் (111) தளங்கள் இரண்டும் சந்திக்கும் இடத்தில் அரிப்பு தானாகவே நின்றுவிடும். ஆழம் திறப்பு அகலத்தில் 0.707 பங்கு. மேல்பக்கம் வேஃபர் ஓரத்தில் 28 மைக்ரான் அகலக் கோடு ஒன்றை அரித்து, சிலிக்கான் நைட்ரைடு (அரிப்பைத் தடுக்கும் பூச்சு, பின்னால் வருகிறது) படியவைப்பதற்கு முன்பே இதை முடித்துவிட்டால், சரியாக 20 மைக்ரான் ஆழத்தில் ஓர் அளவுகோல் கிடைக்கும். பின்பக்க அரிப்பு அதன் அடியைத் தொட்டதும் வெளிச்சக் கோடு தெரியும். நைட்ரைடு மூடியிருப்பதால் கரைசல் மேலே கசியாது. படலத்தின் நிறமும் கொஞ்சம் உதவும்: பலமான வெள்ளை ஒளியைப் பின்னால் வைத்தால் 20 மைக்ரானில் மங்கலான கருஞ்சிவப்பு, 10க்குக் கீழே தெளிவான சிவப்பு. கண்ணை நம்பி எண்ணைச் சொல்லிவிட முடியாதுதான், ஆனால் ஒரே வேஃபரில் எந்த ஓரம் மெலிந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி அதிக போரான் கலந்த அடுக்கு. கன சென்டிமீட்டருக்கு 10²⁰ அளவுக்குப் போரான் இருந்தால் அரிப்பு வேகம் சரிந்துவிடும். பாடப்புத்தகங்களில் இதுதான் முதலில் வரும், உங்களுக்கு இது பொருந்தாது. இவ்வளவு போரான் கலந்த பகுதிக்குள் பி வகை ரெசிஸ்டரைத் தனியாகப் பிரித்து வைக்க முடியாது. கெப்பாசிட்டிவ் சென்சாருக்குத்தான் அது சரி. மூன்றாவது எலெக்ட்ரோகெமிக்கல் முறை: பி வகை வேஃபர் மேல் 20 மைக்ரான் என் வகை எபிடாக்ஸி (படிக அமைப்பு மாறாமல் மேலே வளர்த்த) அடுக்கு, அதற்குப் பாசிட்டிவ் மின்னழுத்தம், பி பகுதி கரைந்து, இரண்டும் சேரும் சந்தியைத் தொட்டதும் பரப்பில் ஆக்சைடு உருவாகி அரிப்பு நின்றுவிடும். தடிமன் அருமையாக வரும், ஆனால் மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் பொட்டென்ஷியோஸ்டாட், கசியாத ஹோல்டர், வேஃபர் முழுவதற்கும் நல்ல மின்தொடர்பு எல்லாம் வேண்டும். சந்தியில் ஓர் இடம் ஒழுகினாலும் அரிப்பு தவறான இடத்தில் நிற்கும். நான்காவது, எஸ்ஓஐ (சிலிக்கான் ஆன் இன்சுலேட்டர்) வேஃபர்: 20 மைக்ரான் சிலிக்கான், அடியில் 1 மைக்ரான் ஆக்சைடு, அதற்கடியில் தடித்த சிலிக்கான். ஆக்சைடு மணிக்கு அரை மைக்ரானுக்கும் குறைவாகவே கரைவதால், அடுக்கைத் தொட்ட பிறகு உங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் கிடைக்கும். பிறகு அந்த ஆக்சைடை பஃபர் எச்எஃப்பில் (ஹைட்ரோஃப்ளூரிக் அமிலக் கரைசலில்) எடுத்துவிடுங்கள், விட்டால் அதன் அமுக்கத் தகைவு படலத்தை மடக்கும். வேஃபர் விலை பல மடங்கு. இருந்தும், ஒரு செமஸ்டரில் வேலை செய்யும் சிப் வேண்டுமென்றால் நான் எஸ்ஓஐயைத்தான் சொல்வேன். சாதா வேஃபரில் நான்கைந்தை ஓட்டையாக்கித் தூக்கிப்போடும் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

மாஸ்க் பற்றி இரண்டு விஷயம். ஆக்சைடை மட்டும் மாஸ்க்காக (அரிக்கக் கூடாத இடத்தை மூடும் பூச்சாக) வைத்தால் ஆறரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட 3 மைக்ரான் போய்விடும், ஆகவே எல்பிசிவிடி முறையில் (குறைந்த அழுத்தத்தில் வாயுவிலிருந்து) படியவைத்த சிலிக்கான் நைட்ரைடு வேண்டும். அது ஏறக்குறைய கரைவதே இல்லை. 150 நானோமீட்டர் போதும், அடியில் மெல்லிய ஆக்சைடு இருக்கட்டும். சாதாரண நைட்ரைடு 1 கிகாபாஸ்கல் அளவு இழுவிசையோடு படியும். 300 நானோமீட்டரைத் தாண்டினால் வெடிக்கத் தொடங்கும். நைட்ரைடில் ஒரு ஊசித்துளை இருந்தாலும் அந்த இடத்தில் சதுரக் குழி விழும். அடுத்தது திறப்பின் அளவு. பக்கச் சுவர் 54.74 டிகிரியில் சாய்வதால், பின்பக்கத் திறப்பு = படலத்தின் பக்கம் + 1.414 × ஆழம். நம் கணக்கில் 1000 + 714 = 1714 மைக்ரான். வேஃபர் 10 மைக்ரான் கனமாக இருந்தால், அதே திறப்பில் படலம் 14 மைக்ரான் சிறுத்துவிடும். வடிவம் வரைந்த மாஸ்க் தகட்டை வேஃபரின் தட்டை ஓரத்தோடு, அதாவது <110> திசையோடு, 1 டிகிரி பிசகி வைத்தால் குழி படிகத் திசைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டு சுமார் 30 மைக்ரான் பெருக்கும். உணர்திறன் 6 சதவீதம் நகரும். அரிக்கும் முன் 2 சதவீத எச்எஃப்பில் அரை நிமிடம் முக்கி இயற்கை ஆக்சைடை நீக்காவிட்டால், சில திறப்புகள் தாமதமாகத் தொடங்கி ஆழம் சிப்புக்குச் சிப் மாறும். ஹைட்ரஜன் குமிழி ஒட்டிக்கொண்டால் தரையில் குட்டிப் பிரமிடுகள் முளைக்கும். கலக்கிக்கொண்டே இருப்பதும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சேர்ப்பதும் பரப்பை மென்மையாக்கும், பின்னது வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

எச்எஃப் பற்றி ஒரு வரி கறாராக. தோலில் பட்டால் உடனே வலிக்காமல் எலும்புவரை இறங்கும் அமிலம் அது. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்தில் இல்லாமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது, கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றவும் கூடாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் டிஎம்ஏஎச் (டெட்ராமெத்தில் அமோனியம் ஹைட்ராக்சைடு) பயன்படுத்தச் சிலர் சொல்வார்கள், ஐசி வேலைக்கு அது சுத்தமானது. ஆனால் 25 சதவீதக் கரைசல் தோலில் பட்டு ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கல்லூரி லேபில் தனியாள் செய்யும் வேலை இல்லை இரண்டுமே.

ரெசிஸ்டர்களுக்கு வருவோம். பி வகை சிலிக்கானில் <110> திசையில் நீளவாக்குப் பீசோரெசிஸ்டிவ் கெழு (தகைவுக்கு ஏற்பத் தடை மாறும் விகிதம்) பாஸ்கலுக்கு +71.8 × 10⁻¹¹, குறுக்குவாக்கில் −66.3 × 10⁻¹¹. ஏறக்குறைய சமம், எதிர்க்குறி. ஆகவே நான்கு ரெசிஸ்டர்களையும் ஒரே திசையில், ஒன்றுக்கொன்று இணையாக வரையுங்கள். இரண்டு விளிம்புகளில் தகைவு ரெசிஸ்டரின் நீளவாக்கில் ஓடித் தடையைக் கூட்டும், மற்ற இரண்டில் குறுக்காக ஓடிக் குறைக்கும். பிரிட்ஜின் நான்கு கையும் வேலை செய்யும். இதே ரெசிஸ்டரை 45 டிகிரி திருப்பி <100> திசையில் வைத்தால் கெழு 6.6க்கும் −1.1க்கும் விழுந்துவிடும், எல்லாம் சரியாக இருந்தும் சென்சார் ஊமையாக இருக்கும். மாஸ்க் வரையும் மென்பொருளில் வேஃபரின் தட்டை ஓரம் எந்தப் பக்கம் என்று குறிக்காததால் நேரும் பிழை இது.

போரான் அயனிப் பதிப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 3 × 10¹⁴ டோஸ் கொடுத்து, 1000 டிகிரிக்கு மேல் அரைமணி நேரம் அனீல் செய்தால் சதுரத்துக்கு (நீளமும் அகலமும் சமமான ஒரு துண்டுக்கு) 250 ஓம் பக்கத்தில் வரும். 10 மைக்ரான் அகலம், 100 மைக்ரான் நீளம் என்றால் 2.5 கிலோ ஓம். விளிம்பிலிருந்து உள்ளே போகப் போகத் தகைவு வேகமாகக் குறைவதால், தகைவோடு நீளவாக்கில் கிடக்க வேண்டிய இரண்டையும் 50 மைக்ரான் கொண்ட இரு துண்டாக மடித்து, மடிப்பை அதிக போரான் பகுதியால் இணையுங்கள். முன்பக்க மாஸ்க்கும் பின்பக்கத் திறப்பும் ஒன்றோடொன்று பொருந்துவதில் 5 மைக்ரான் பிழை சகஜம், மேலே சொன்ன வேஃபர் கனப் பிழை வேறு. ரெசிஸ்டர் விளிம்புக்கு வெளியே போய்விட்டால் கெட்டித் தரையில் கிடக்கும், தகைவே இராது. ஆகவே 10, 15 மைக்ரான் உள்ளே தள்ளி வைப்பது நல்லது. தாளில் 5 சதவீதத் தடை மாற்றம் வரும். நீளத்தில் சராசரி எடுத்து, டோப்பிங்கால் கெழு குறைவதையும் கழித்தால் 2 முதல் 3 சதவீதம் எதிர்பார்க்கலாம். 5 வோல்ட்டுக்கு 100 முதல் 150 மில்லிவோல்ட். முதல் கணக்கு இயற்பியல், இரண்டாவது உங்கள் மாஸ்க்கையும் ஃபர்னஸையும் பொறுத்தது. வெப்பத்தால் உணர்திறன் டிகிரிக்கு 0.2 சதவீதம் வரை குறையும், தடை கூடும். நிலையான மின்னோட்டத்தில் ஓட்டினால் ஒன்றை மற்றொன்று ஓரளவு ஈடுகட்டும். 125 டிகிரிக்கு மேல் பிஎன் சந்தியின் கசிவு தலைதூக்கும், அதற்கு மேல் இந்த வடிவமைப்பை நம்பாதீர்கள்.

வேலைகளின் வரிசையில்தான் பலர் சிக்குவது. அலுமினியம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நிமிடங்களில் கரைந்துவிடும். படலத்தை முதலில் செய்து பிறகு அலுமினியம் போடலாம் என்றால், ஸ்பின் கோட்டரின் வெற்றிடப் பிடி படலங்களை உறிஞ்சி உடைக்கும். பொட்டாசியமும் ஃபர்னஸுக்குள் போகக் கூடாது. ஆகவே முன்பக்க வேலை எல்லாவற்றையும், 1 மைக்ரான் அலுமினியம், 450 டிகிரியில் ஃபார்மிங் கேஸில் (ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில்) சின்டரிங் உட்பட முடித்துவிட்டு, முன்பக்கத்தை ஓ-ரிங் உள்ள டெஃப்லான் அல்லது பீக் பிளாஸ்டிக் ஹோல்டரில் மூடி, கடைசியாகப் பின்பக்கத்தை அரிப்பதே நடைமுறை. ஓ-ரிங்கை அளவுக்கு மீறி முறுக்கினால் சூட்டில் வேஃபர் வெடிக்கும். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து படலத்தை உடைக்காமலிருக்க ஒரு மூச்சுக்குழாய் வேண்டும். அலுமினியத்துக்குப் பதில் குரோமியம்–தங்கம் போட்டால் ஹோல்டர் கசிந்தாலும் பிழைக்கும். எதுவானாலும் உலோகக் கோட்டைப் படலத்தின் மேல் ஓட்டாதீர்கள். அலுமினியம் மெல்ல மெல்ல இளகிக்கொடுத்து, அழுத்தம் ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றும் காட்டும் ஹிஸ்டெரிசிஸைக் கொண்டுவரும்.

அரித்து முடிந்த வேஃபரை போரோசிலிக்கேட் கண்ணாடியோடு ஆனோடிக் முறையில் ஒட்ட வேண்டும். 350 முதல் 400 டிகிரி, 600 முதல் 1000 வோல்ட், சிலிக்கான் பாசிட்டிவ் பக்கம். கண்ணாடியிலுள்ள சோடியம் அயனிகள் எதிர்முனைக்கு நகர, இடைவெளியில் உருவாகும் மின்விசை இரண்டையும் இழுத்துச் சேர்க்கிறது. பின்பக்க நைட்ரைடை முன்பே பிளாஸ்மாவில் எடுத்துவிடுங்கள். சூடான பாஸ்பாரிக் அமிலத்தில் எடுக்கப் போனால் அலுமினியமும் போய்விடும். 1 மைக்ரான் தூசு இருந்தால் அதைச் சுற்றி மில்லிமீட்டர் கணக்கில் ஒட்டாத வட்டம் தெரியும். முதல் முயற்சிக்கு, நடுவில் துளையிட்ட கண்ணாடியோடு கேஜ் வகையாக (வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளப்பதாக) செய்வதே உத்தமம். துளையில்லாமல் 1 பார் காற்றில், 380 டிகிரியில் மூடினால், அறை வெப்பநிலைக்கு வந்ததும் உள்ளே சுமார் 0.45 பார்தான் இருக்கும். அதுவும் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். அழுத்தமானியில் பாதி வெப்பமானி கலந்துவிடும். வெற்றிடத்தில் மூடினாலும் ஒட்டும்போது வெளிவரும் ஆக்சிஜன் உள்ளே தங்கும்.

இத்தனையையும் கல்லூரி லேபில் செய்ய முடியாது. அயனிப் பதிப்பு, எல்பிசிவிடி, ஆனோடிக் பாண்டர் மூன்றும் சேர்ந்து இருக்கும் இடங்கள் நாட்டில் குறைவு. மத்திய அரசின் ஐஎன்யூபி திட்டத்தின் வழியே பெங்களூரு ஐஐஎஸ்சி, ஐஐடி பம்பாய் முதலிய இடங்களின் நானோ ஆய்வகங்களை வெளிக்கல்லூரியினரும் விண்ணப்பித்துப் பயன்படுத்தலாம். மாஸ்க் வடிவமும் செயல்முறை அட்டவணையும் கையில் இருந்தால் விண்ணப்பம் வலுவாக இருக்கும்.

சிப் 3 மில்லிமீட்டர் சதுரம் என்றால் ஒரு வேஃபரில் 700 சொச்சம் கிடைக்கும். வெட்டும்போது பீய்ச்சும் நீர் படலத்தை உடைக்கும், மேலே டேப் ஒட்டிவிட்டு வெட்டுங்கள். டப்பாவில் பதிக்கக் கெட்டி எப்பாக்சியைத் தொடாதீர்கள், மெத்தென்ற சிலிகோன் ரப்பர்தான். எப்பாக்சி இறுகும்போது சிப்பையே வளைத்து, அழுத்தம் இல்லாமலே பிரிட்ஜ் சில மில்லிவோல்ட் காட்டும். நாள்பட அது நகரவும் செய்யும். சோதிக்கும்போது முதலில் என் வகைத் தளத்தைப் பிரிட்ஜின் பாசிட்டிவ் முனையோடு இணையுங்கள், இல்லாவிட்டால் சந்தி முன்னோக்கி இயங்கி எண்கள் அர்த்தமில்லாமல் ஓடும். பிறகு ஒரு கறுப்புத் துணியைப் போட்டு மூடுங்கள். ரெசிஸ்டரைச் சுற்றியுள்ள சந்தி ஒரு ஃபோட்டோடையோடும்கூட. மேசை விளக்கு எரிந்தால் ஆஃப்செட் மாறும், அதை அழுத்தம் என்று நினைத்து ஒரு வாரம் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.